கதவை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் திருகாதீர்கள்

போன பதிவில் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதி நாலு பேரிடம் திட்டு வாங்கியாச்சு. அதனால் இந்த முறை யாருக்கும் வம்பில்லாத விஷயம். ஒரு பழைய கார், அதன் கதவுக் கண்ணாடி. அவ்வளவுதான். (இந்த வம்பில்லாத விஷயத்துக்காக எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது என்பதைக் கடைசியில்தான் சொல்ல நினைத்தேன், முதலிலேயே வந்துவிட்டது.)

எங்கள் ஊர் குடவாசல். தெரியாதவர்களுக்கு: கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் வழியாகத் திருவாரூர் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். சுற்றிலும் வயல். பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. தாத்தா வாங்கியது, இரண்டு கதவு வண்டி. இதில் விசேஷம் என்னவென்றால் அதற்குக் கூரை கிடையாது. அதாவது இருந்தது, தாத்தா கழற்றிவிட்டார்.

கூரையைக் கழற்றுவதா என்று ஆச்சரியப்பட வேண்டாம். ஹெரால்ட் அப்படிப்பட்ட வண்டிதான். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். மற்ற கம்பெனிகள் சேஸே இல்லாமல் முழு உடம்பையும் ஒரே கூடாகச் செய்ய ஆரம்பித்துவிட்ட காலத்தில், இவர்கள் தனி சேஸ் போட்டு, அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாக முதலை வாய் மாதிரித் திறக்கும். கூரை போட்ட வண்டிக்கும் திறந்த வண்டிக்கும் கதவு ஒன்றேதான். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லிருந்து இதைச் செய்தது. ஆகவே ஸ்பேனர் இருந்து, ஆளும் இருந்தால் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். தாத்தாவிடம் இரண்டும் இருந்தது. எழுபதுகளில் ஏதோ ஒரு கோடையில் கழற்றிவிட்டு, கும்பகோணத்தில் சீட் தைக்கிற ஒருவரிடம் கம்பிச் சட்டமும் ரெக்சின் ஹூடும் செய்து மாட்டிக்கொண்டார். பழைய இரும்புக் கூரை இன்னும் கொட்டகை உத்திரத்தில் கயிறு கட்டி மல்லாக்கத் தொங்குகிறது. கோழி அதில்தான் முட்டை வைக்கிறது.

சரி, பிரச்சினைக்கு வருவோம். வலது கதவை மூடி, கண்ணாடியை முழுக்க ஏற்றினால், கண்ணாடியின் பின்பக்க மேல் மூலைக்கும் ஹூடு பீடிங்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். முன்பக்கம் என்னடா என்றால் ரப்பரைக் கிழிக்கிற மாதிரி அழுத்தும். மழை பெய்தால் டிரைவர் தோளில் நேராக ஊற்றும். ஹெரால்ட் கண்ணாடிக்கு மேலே சட்டம் கிடையாது. அம்பாசிடரில் கதவோடு சேர்ந்து ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், கண்ணாடி அதற்குள் ஓடும், எப்படி ஆனாலும் அதை விட்டு வெளியே போகாது. இதில் முன்னால் இருக்கிற முக்கோணக் கண்ணாடியின் சட்டம் ஒன்றுதான் துணை. மற்றபடி கண்ணாடி தனியாக நின்று ரப்பரைப் போய்த் தொட வேண்டும். சாலையில் பார்க்க அழகு. மழையில் தெரியும் சேதி.

பெரியப்பா போன ஆவணியில் சொல்லிவிட்டார்: “ஐப்பசிக்குள்ள இது சரியாகலன்னா எடைக்குப் போட்டுடுவேன். தரை பூராத் தண்ணி நின்னு துருப்புடிக்குது. அப்பா ஞாபகம்னு வெச்சுக்கிட்டு தினம் தினம் அது சாவறதப் பாத்துட்டு இருக்க முடியாது.” அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. டிராக்டரையே ஒரு நாள் கோபத்தில் விற்றவர்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் படிப்புக்கு இதுவரை வந்த ஒரே மரியாதை அது. எனக்கோ ஒரு கண்ணாடியைச் சட்டமில்லாமல் நேராக நிறுத்துவது எப்படி என்று ஒரு பேப்பரிலும் சொல்லித் தரவில்லை. ஆகவே உதவி தேடினோம். அந்தத் தேடல்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். பார்த்தவுடனே, “சிலிக்கான் போட்டு அடைச்சிடலாம்” என்றார். கதவுக் கண்ணாடியை இறக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, “ஏசி போட்டுக்கங்க” என்றார். ஹெரால்டுக்கு ஏசி! அடுத்து பக்கத்து ஊர் ஷெட் ஒன்றில், பழைய பீடிங் மேல் இன்னொரு தடிமனான பீடிங் ஒட்டினார்கள். இடைவெளி மறைந்தது, கதவும் சாத்தவில்லை. ஓங்கி அறைந்தால்தான் பூட்டியது. ஒரு வாரம் அறைந்ததில் கண்ணாடி ஏற்றுகிற மிஷினில் இருக்கிற ரோலர் உடைந்து கண்ணாடி கதவுக்குள் விழுந்தது. மூன்றாவது தப்பு என்னுடையது. இங்கிலாந்திலிருந்து ஒரிஜினல் அளவு ரப்பர் வரவழைத்தால் தீர்ந்துவிடும் என்று அடம்பிடித்தேன். அங்கே இந்த வண்டிக்காகவே 1977-லிருந்து டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று ஒன்று நடக்கிறது, ஐம்பது வருஷத்து வண்டிக்குப் புது ரப்பர் விற்கக் கடைகள் இருக்கின்றன. நம் ஊர் கம்பெனி 1988-ல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ரப்பர் வந்தது, கஸ்டம்ஸோடு சேர்த்து நான் சொல்ல வெட்கப்படுகிற விலையில். மாட்டினோம். இடைவெளி அப்படியே இருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

கடைசியாகக் கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயது தாண்டியவர், டிங்கர் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது, ஒரு கண்ணில் பார்வை மங்கல். இறங்கியவுடன் கண்ணாடியைப் பார்ப்பார் என்று டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பார்க்கவே இல்லை. என்னிடம் கேள்வி கேட்டார்.

“தம்பி, ஹூடை மடிச்சுட்டா கதவு எப்படி சாத்துது? போட்டிருக்கறப்ப எப்படி சாத்துது?”

தெரியாது.

“ஆள் உக்காந்தா இடைவெளி கூடுதா, கொறையுதா?”

தெரியாது.

“இடது கதவுல இதே மாதிரி இருக்கா?”

இல்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. “அப்ப ஹூடு தப்பு இல்ல” என்றார். ஒரே பதிலில் ஒரு காரணத்தை வெட்டி எறிந்துவிட்டார். நாங்கள் ரப்பருக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டேன்.

பிறகு வண்டியை நெல் களத்துக்குத் தள்ளச் சொன்னார். கொட்டகைத் தரை மேடு பள்ளம், களம் சிமெண்ட் போட்டுச் சமமாக இருக்கும். நாலு டயரிலும் காற்றை ஒரே அளவாக்கினார். ஜாக்கியில் தூக்கி வைத்து இந்த வேலை பார்க்கக் கூடாது, வண்டி தன் காலில் நிற்க வேண்டுமாம். பிறகு கதவை மூடி, கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற சந்தை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். (பார்வை மங்கல் என்று சொன்னேன் அல்லவா. அவருக்கு அது தேவையே இல்லை.) மேலே சந்து ஒட்டிக்கொண்டிருந்தது, கீழே அகலமாக இருந்தது. “நடு முதுகு தொங்குது” என்றார்.

விஷயம் இதுதான். ஹெரால்டில் கதவுக்குக் கீழே ஓடுகிற தகடு வண்டியைத் தாங்குவதில்லை. அது போல்ட் போட்டு மாட்டிய வெறும் மூடி. பலம் முழுக்க சேஸிலும், சேஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீண்டு உடம்பைத் தாங்குகிற இரும்புகளிலும்தான். வலதுபக்கக் கை ஒன்று துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. கூரை இருந்த காலத்தில் அது கொஞ்சம் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கூரையும் இல்லை, கையும் தளர்ந்தது என்றால் நடுப்பகுதி இறங்கும். கதவின் முன் தூணும் பின் தூணும் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாயும். கதவு திரும்பும். கதவு திரும்பினால் அதன் உச்சியில் நிற்கிற கண்ணாடி எங்கே போகும்? நாங்கள் இரண்டு மாதமாகக் குறை சொன்ன கண்ணாடி உண்மையில் ஒரு தப்பும் செய்யவில்லை. சேதி சொன்னது, அவ்வளவுதான்.

பாய் அதை நிரூபித்தும் காட்டினார். துருப்பிடித்த இடத்தின்கீழ் ஒரு பலகை வைத்து, ஜாக்கியால் ஒரு நூல் அளவு மட்டும் தாங்கச் சொன்னார். கதவின் சந்து என் கண் முன்னால் நேரானது. கண்ணாடி போய் ரப்பரில் உட்கார்ந்தது. பெரியப்பா “அட” என்றார்.

வகுப்பில் டாலரன்ஸ் ஸ்டாக்-அப் என்று ஒரு பாடம் எல்லோரும் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? சின்னச் சின்னப் பிசகுகள் கூடிக் கூடிக் கடைசிப் பாகத்தில் பெரிதாக வெளியே வரும் என்று. ரெண்டு மார்க் கேள்வி. கதவுக் கீல் இரண்டுக்கும் நடுவே ஒரு அடி, கதவு நீளம் மூன்று அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கீலில் 1 மி.மீ. தள்ளினால் கதவின் கடைக்கோடியில் 3 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். அது கீலில் மட்டும். அதற்குக் கீழே சேஸில் நடப்பது இன்னும் பெரிது. நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். கதவைப் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை. இது என் தலையெழுத்தா, பாடத்திட்டத்தின் தலையெழுத்தா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வெட்கம். இந்த நியாயம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். களிமண் பூமி. மழை ஊறினால் உப்பும், பங்குனி வெயிலில் வெடிக்கும். அடைமழை வந்தால் பாதி வீடுகளில் கதவு சாத்தாது. அவசரக்காரர்கள் உடனே கதவை இழைத்துவிடுவார்கள், கோடையில் அதே கதவில் பூனை நுழைகிற இடைவெளி விழும். நல்ல ஆசாரி வந்தால் உளியை எடுக்க மாட்டார். முதலில் நிலைக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். நிலை சாய்ந்திருந்தால் கதவில் என்ன செய்தும் பயனில்லை என்று எங்கள் பாட்டிக்குக்கூடத் தெரியும். காரில் ஏறியவுடன் மட்டும் நாங்கள் அதை மறந்துவிட்டோம். இரும்பும் கண்ணாடியும் என்றால் வேறு சாத்திரம் என்று ஒரு நினைப்பு.

அப்புறம் வேலை நடந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவருக்கு உதவும். முதலில் துருப்பிடித்த கையை வெட்டி எடுத்துப் புது இரும்பு வெல்டிங். உடம்புக்கும் சேஸுக்கும் நடுவே பழைய அளவுக்குப் பேக்கிங். அதற்குப் பிறகுதான் கதவுக் கீல், பிறகு பூட்டு மாட்டுகிற தகடு. கதவு ஒரு விரலால் தள்ளினால் சாத்துகிற அளவுக்கு வந்தபின், கண்ணாடி. தடிமனான பீடிங்கைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அந்த விலையுயர்ந்த ரப்பரையே மாட்டினோம் (முழுக்க வீண் இல்லை என்று நான் பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்). உடைந்த ரோலருக்கு எங்கே போவது என்று முழித்தோம். பாய் நாச்சியார்கோயிலுக்குப் போகச் சொன்னார். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர், பித்தளையில் கடைசல் வேலை தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? உடைந்த துண்டை மாதிரி காட்டியதும் அதே அளவில் கடைந்து கொடுத்தார்கள். விளக்குத் தண்டு கடைகிற கை, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கண்ணாடிக்கு அரை நாள். கதவின் உள் அட்டையைக் கழற்றினால், கண்ணாடி இரண்டு பக்கமும் ஃபெல்ட் வைத்த தண்டவாளத்தில் ஓடுவது தெரியும். முன் தண்டவாளம் முக்கோணக் கண்ணாடிச் சட்டத்தோடு சேர்ந்தது. கீழே இருக்கிற போல்ட்டைத் தளர்த்தித் தண்டவாளத்தின் அடியை முன்னே பின்னே தள்ளினால் கண்ணாடி முன்பக்கமோ பின்பக்கமோ சாயும். அடியை வெளிப்பக்கம் தள்ளினால் உச்சி உள்பக்கம் சாயும், ரப்பரை அழுத்தும். ஒரு நேரத்தில் ஒரு போல்ட்தான். இரண்டைச் சேர்த்துத் தளர்த்தினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பார்க்க பாய் ஒரு வேலை செய்தார். பெரியம்மாவிடம் விபூதி வாங்கி ரப்பரில் லேசாகத் தடவினார். கதவை மூடித் திறந்தால், தொட்ட இடமெல்லாம் கண்ணாடியில் வெள்ளைக் கோடு. தொடாத இடம் சுத்தம். எங்கள் லேபில் இதையே நீல மை தடவிச் செய்தோம், அதற்கு ஒரு ரெக்கார்டு நோட்டும் எழுதினோம். கடைசியில் செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு இடத்திலும் வைத்து, கதவை மூடி இழுத்துப் பார்த்தோம். சுலபமாக வந்தால் தளர்வு, கிழிந்தால் இறுக்கம், கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தால் சரி.

வெளிநாட்டில் இருக்கிற, பிற்காலத்துத் திறந்த கார் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உங்களில் பலருடைய வண்டியில் கதவுப் பிடியைத் தொட்டவுடன் கண்ணாடி சில மி.மீ. தானாக இறங்கி, மூடியவுடன் ஏறும். பாட்டரியைக் கழற்றி மாட்டினால் அது மறந்துபோகும், மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதையும் மைக்ரோ சுவிட்சையும் சோதிக்காமல் போல்ட்டைத் தொட்டுவிடாதீர்கள். மற்ற வரிசை உங்களுக்கும் இதேதான்.

இப்போது என் கட்சி. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது. கைபேசி, வீட்டு சாதனம், விவசாயக் கருவி, வாகனம் எல்லாம் அதில் சேர்த்தி. நல்லதுதான், கம்பெனிகள் கையேட்டையும் ஸ்பேர் பார்ட்ஸையும் மறைக்கக் கூடாது. 2021-ல் ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதியும் வந்தது, சேஸையும் உடம்பையும் மாற்றாத வண்டியாக இருந்தால். (தாத்தா கூரையைக் கழற்றியது அங்கே இடிக்கிறது. கோழிகள் சம்மதித்தால் திரும்ப மாட்டிவிடலாம்.) ஆனால் கம்பெனியே இல்லாத வண்டிக்குக் கையேட்டை யாரிடம் போய்க் கேட்பது? எங்களிடம் பழைய கையேட்டின் நகல் இருந்தது. எந்த போல்ட் எங்கே என்பது அதில் இருக்கிறது. “முதலில் இடது கதவைப் பார்” என்று அதில் இல்லை. அது பாயிடம் இருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, மறைத்ததால் இல்லை. யாரும் கேட்கவில்லை. அவர் மகன் மொபைல் கடை வைத்திருக்கிறார்.

நாம் உதவி கேட்கிற லட்சணமும் அப்படித்தான். “கண்ணாடி சரியில்லை, சரி பண்ணிக் கொடுங்க” என்று போனோம். கண்ணாடிக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், பீடிங் ஒட்டுகிறவர் பீடிங் ஒட்டினார். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குச் சம்மதம் வாங்கப் போனவர்கள் நாங்கள். ஹூடு போட்டால் என்ன, மடித்தால் என்ன, ஆள் உட்கார்ந்தால் என்ன, இடது வலது வித்தியாசம் என்ன என்று நாலு வரி எழுதிக்கொண்டு போயிருந்தால் முதல் ஆளே சேஸைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். மெக்கானிக்கல் படிக்கிற நாம் ஆளுக்கு ஒரு பாயைப் பிடித்து, லீவில் பத்து நாள் கூட நின்று, அவர் கேட்கிற கேள்விகளை மட்டுமாவது எழுதி வைக்கலாம் என்பது என் யோசனை. புராஜெக்ட் என்று பழைய சீனியர் ரிப்போர்ட்டை அட்டை மாற்றிக் கொடுப்பதைவிட இது மோசம் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும் :-)

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் நாள் ராத்திரி பெரியப்பாவும் நானும் வண்டிக்குள் போய் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அடித்து ஊற்றியது. தோளில் விழவில்லை. தரை காய்ந்திருந்தது. ஆனால் கதவுக்குள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. பெரியப்பா என்னைப் பார்த்தார். காலையில் பயந்துகொண்டே பாய்க்குப் போன் செய்தேன்.

“கண்ணாடியில வழியற தண்ணி கதவுக்குள்ள எறங்கத்தான் செய்யும் தம்பி, எல்லா வண்டியிலும் எறங்கும். கதவுக்கு அடியில ஓட்டை இருக்கும், அது வழியாப் போயிடும். ஓட்டை அடைச்சிருக்கா பாருங்க.”

போய்ப் பார்த்தால் பெரியப்பா ஏற்கெனவே கதவுக்குக் கீழே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் அந்த ஓட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்.